கிடர்பூரின் புகைபோக்கியும் மின்கட்டணமும்

1902ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் கல்கத்தாவின் எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூருக்கு முதல் மின்சார டிராம் வண்டி ஓடியது. அதற்கு முன் நகரின் டிராம் வண்டிகளைக் குதிரைகள் இழுத்து வந்தன. சாணமும் புகையும் இல்லாத இப்புதிய வண்டியைக் கண்ட மக்கள், மின்சாரம் தூய்மையானது என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால், கரி எரிவது நின்றுவிடவில்லை. எரியும் இடம்தான் மாறியது. தெருவிலும் வீட்டிலும் இல்லாத புகை, மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளிவந்தது.

கிடர்பூருக்கு மேற்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள கார்டன் ரீச் பகுதியில் கல்கத்தா மின் வழங்கு நிறுவனத்தின் தெற்கு மின் நிலையம் அமைந்தது. துறைமுகமும் தொழிற்கூடங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் சூழ்ந்த இடம் அது. நகரின் நடுவே மின்சாரம் உற்பத்தி செய்யும் நிறுவனம் தன் புகையை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்த வேண்டும்? அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவற்றைத் தனித்தனியே பார்த்ததால் விளைந்த சிக்கலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமம் பெற்ற நிறுவனம்

கல்கத்தாவில் மின்சாரம் வழங்கும் பொறுப்பு மாநகராட்சியிடமோ மாநில மின் வாரியத்திடமோ இருக்கவில்லை. 1895இல் இயற்றப்பட்ட கல்கத்தா மின் விளக்குச் சட்டத்தின்கீழ், 1897ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. லண்டனில் பதிவு செய்யப்பட்டிருந்த அந்நிறுவனம் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பிரின்செப் தெருவுக்கு அருகில் இமாம்பாக் சந்தில் தன் முதல் மின் நிலையத்தைத் தொடங்கியது. சென்னையில் இதே வகையில் இயங்கிய நிறுவனத்தை அரசு 1947இல் கையகப்படுத்தியது. கல்கத்தாவிலோ நிறுவனம் நீடித்தது. அதன் நிர்வாகம் 1970இல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு மாறியது.

1970களில் மின்வெட்டு நகர வாழ்க்கையின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. அதன் பின்னர் 1983இல் டிட்டாகரில் 240 மெகாவாட் திறனுள்ள நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் கார்டன் ரீச்சில் தலா 67.5 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகள் அமைந்தன. நகருக்குத் தெற்கே பட்ஜ் பட்ஜில் தலா 250 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் 1997, 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் உற்பத்திக்கு வந்தன.

உரிமம் பெற்ற நிறுவனம் தன் விருப்பம்போல் விலை வைக்க முடியாது. 1999இல் மேற்கு வங்க மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிறுவப்பட்டது. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு உரியது. கட்டண நிர்ணயத்தில் தம் கருத்தைக் கூற நுகர்வோருக்கு உரிமை உண்டு என்பதை, இந்த நிறுவனம் தொடர்பான வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2002இல் உறுதி செய்தது. ஆக, விலைக்கு ஓர் ஆணையம். புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒன்றின் முடிவு மற்றதன் முடிவைப் பாதிக்கும். எனினும் இரண்டும் வெவ்வேறு சட்டங்களின்கீழ் இயங்குகின்றன.

கண்ணுக்குத் தெரிந்த புகை

புகைக் கட்டுப்பாடு கல்கத்தாவுக்குப் புதியதன்று. 1863லேயே கல்கத்தாவுக்கும் ஹௌராவுக்கும் புகைத் தொல்லைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது போதாமற்போகவே, 1905இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அதற்கென ஓர் ஆணையம் அமைந்தது. அதன் ஆய்வாளர்கள் ரிங்கெல்மான் அட்டையைக் கொண்டு புகையின் கருமையை அளந்தனர். வெண்மையிலிருந்து கருமை வரை படிப்படியாக நிறம் மாறும் அந்த அட்டையோடு புகையை ஒப்பிட்டு, சட்டம் மீறப்பட்டதா என்று முடிவு செய்தனர்.

இம்முயற்சி ஓரளவு பலன் அளித்ததற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. கரும்புகை என்பது முழுமையாக எரியாத கரியே. உலையில் கரியை அளவாகப் பரப்பி, வேண்டிய காற்றைச் செலுத்தினால் புகை குறையும், கரியும் மிச்சமாகும். ஆலை முதலாளிக்கு இதில் இழப்பு இல்லை, இலாபமே உண்டு. சட்டமும் இலாபமும் ஒரே திசையில் சென்றன.

கண்ணுக்குத் தெரியாத வாயு

இன்றைய மின் நிலையத்தின் நிலை வேறு. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 கிராம் நிலக்கரி வேண்டும் எனக் கொள்வோம். முழுத் திறனில் இயங்கும் 250 மெகாவாட் அலகு மணிக்கு 175 டன் நிலக்கரியை எரிக்கும். நிலக்கரியில் 35 சதவீதம் சாம்பல் எனில், மணிக்குச் சுமார் 61 டன் சாம்பல் உண்டாகும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 49 டன், தூசியாகப் புகையோடு பறக்கும்.

இத்தூசியைப் பிடிக்க மின்னூட்டக் கருவி உள்ளது. உயர் அழுத்த மின்சாரம் பாயும் கம்பிகளுக்கு இடையே புகை செல்லும்போது தூசித்துகள்கள் மின்னேற்றம் பெற்று, எதிரே உள்ள தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. தகடுகளைத் தட்டினால் சாம்பல் கீழே விழும். கருவி 99.9 சதவீதத் திறனுடன் இயங்கினால், 49 டன்னில் 49 கிலோகிராம் மட்டுமே வெளியேறும். பிடிபட்ட சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படுகிறது.

ஆனால் நிலக்கரியில் உள்ள கந்தகம் இக்கருவிக்கு அகப்படாது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. சுமார் அரை சதவீதம் எனலாம். அதுவே 175 டன் நிலக்கரியில் 875 கிலோகிராம் ஆகும். எரியும்போது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனுடன் சேர்ந்து, மணிக்கு 1,750 கிலோகிராம் கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். இவ்வாயு நிறமற்றது, ரிங்கெல்மான் அட்டைக்குப் புலப்படாது. காற்றில் கலந்தபின் இது சல்பேட் நுண்துகளாக மாறி, நுரையீரலின் ஆழம் வரை செல்லக் கூடியது.

நெடுங்காலமாக இவ்வாயுவுக்குப் பரிகாரமாகக் கருதப்பட்டது புகைபோக்கியின் உயரமே. மணிக்கு எத்தனை கிலோகிராம் வாயு வெளியேறுகிறதோ, அந்த எண்ணின் 0.3 அடுக்கை 14ஆல் பெருக்கினால் சிறிய அலகுகளுக்குத் தேவையான உயரம் மீட்டரில் கிடைக்கும். மேற்கண்ட அதே அளவுகளின்படி 67.5 மெகாவாட் அலகு மணிக்கு ஏறத்தாழ 470 கிலோகிராம் வாயுவை வெளியிடும். அதற்கான உயரம் சுமார் 89 மீட்டர். உயரம் கூடினால் வாயு பரந்து நீர்த்துப்போகும். அதன் அளவு குறையாது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முதன்முறையாக வாயுவின் அளவுக்கே வரம்பு விதித்தது. 2016ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுவப்பட்ட, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு அவ்வரம்பு ஒரு கன மீட்டருக்கு 600 மில்லிகிராம். இதை எட்டுவதற்கான முக்கிய வழி, சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்துக் கந்தகத்தை ஜிப்சமாக மாற்றும் சாதனமாகும்.

செலவு யாருடையது?

இங்கேதான் பழைய இணக்கம் முறிகிறது. கரும்புகையைத் தடுத்தால் கரி மிச்சமாயிற்று. கந்தகத்தைத் தடுத்தால் எதுவும் மிச்சமாவதில்லை. சாதனத்தை இயக்குவதற்கே ஓரளவு மின்சாரம் செலவாகும்.

விளக்கத்துக்காக, மெகாவாட்டுக்கு ஒரு கோடி ரூபாய் முதலீடு என்றும், வட்டி, தேய்மானம், பராமரிப்பு ஆகியவை ஆண்டுக்கு அதில் 15 சதவீதம் என்றும் கொள்வோம். 250 மெகாவாட் அலகு ஆண்டு முழுவதும் 70 சதவீதத் திறனில் இயங்கினால் சுமார் 153 கோடி யூனிட் உற்பத்தி செய்யும். கூடுதல் செலவு 37.5 கோடி ரூபாய். யூனிட்டுக்குச் சுமார் 25 காசு. உச்சத் தேவை நேரங்களில் மட்டும் இயங்கி, 20 சதவீத உற்பத்தியே தரும் 67.5 மெகாவாட் அலகுக்கோ யூனிட்டுக்குச் சுமார் 86 காசு ஆகும். நகருக்குள் உள்ள சிறிய, பழைய நிலையம்தான் மக்களுக்கு மிக அருகில் இருக்கிறது. சாதனத்தின் சுமையும் அதற்கே மிக அதிகம். இத்தகைய நிலையத்தை மூடுவது பல நேரங்களில் சிக்கனமான முடிவாகிறது. 2017இல் எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டதையும் தமிழக வாசகர்கள் நினைவுகூரலாம்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய மின் அமைச்சகம், புதிய வரம்புகளால் ஏற்படும் செலவைச் சட்ட மாற்றத்தின் விளைவாகக் கருதிக் கட்டணத்தில் சேர்க்க வழி செய்யுமாறு மத்திய ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிவுறுத்தியது. அதாவது, 2015இல் வரம்பு வந்தது. செலவை மீட்கும் வழி தெளிவாக இரண்டரை ஆண்டுகள் ஆயின. அதற்குள் 2017 என்ற முதல் காலக்கெடு கடந்துவிட்டது.

காலக்கெடு 2022க்கு நீண்டது. 2021 ஏப்ரலில் நிலையங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை முதல் வகை. கிடர்பூர், கார்டன் ரீச் போன்ற இடங்கள் இவ்வரையறைக்குள் அடங்கும். கெடு தவறினால் யூனிட்டுக்கு 10 காசில் தொடங்கி 20 காசு வரை இழப்பீடு என்று அப்போது அறிவிக்கப்பட்டது. இதை மேற்கண்ட 25 காசுடனும் 86 காசுடனும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும்: சாதனம் அமைப்பதைவிட அபராதம் செலுத்துவதே மலிவு. 2022இல் இழப்பீடு உயர்த்தப்பட்டது. ஆனால் கெடுவும் உடன் நீட்டப்பட்டது.

2025 ஜூலையில் வந்த அறிவிப்பு, முதல் வகை நிலையங்களுக்கு மட்டும் 2027 டிசம்பர் கெடுவை நிலைநிறுத்தியது. இரண்டாம் வகையில் நிலையத்துக்கு நிலையம் தனியே முடிவெடுக்கப்படும். மூன்றாம் வகைக்கு, புகைபோக்கியின் உயர விதியைப் பின்பற்றினால் விலக்கு உண்டு. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும், காற்றில் இவ்வாயுவின் அளவு வரம்புக்குள் உள்ளது என்பதும் இதற்கு ஆதரவான வாதங்கள். வாயுவாக அளந்தால் குறைவாகத் தோன்றுவது, நுண்துகளாக மாறித் தொலைதூரம் செல்கிறது என்பது எதிர்வாதம்.

படிப்பினை

நுண்துகள் குறைப்புக்கான தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் கல்கத்தாவும் ஹௌராவும் இடம்பெற்றுள்ளன. வாகனம், கட்டடத் தூசி, சமையல் அடுப்பு எனப் பல காரணங்களுள் மின் நிலையமும் ஒன்று. எனினும் ஒரே புகைபோக்கியில் அளந்து, ஒரே இடத்தில் தடுக்கக் கூடியது அதுவே.

விதி இயற்றும் நாளிலேயே அதன் செலவு எவ்வளவு, எந்தக் கணக்கில் சேரும், மீறினால் இழப்பீடு அச்செலவைவிடக் கூடுதலா என்ற மூன்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் படிப்பினை. மாசு வாரியமும் கட்டண ஆணையமும் ஒரே மேசையில் அமர்ந்து இதைச் செய்யலாம். நுகர்வோரின் கருத்தையும் அங்கேயே கேட்கலாம். யூனிட்டுக்கு 25 காசு என்பது சிறு தொகையன்று. குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குச் சலுகை தேவைப்படலாம். ஆனால் அச்செலவு கட்டணச் சீட்டில் இடம்பெறாதபோது அது மறைந்துவிடுவதில்லை. புகைபோக்கியின் அருகில் வாழ்வோர் அதை மருந்துச் சீட்டில் செலுத்துகின்றனர்.