பெயர் மறந்தால் பயப்பட வேண்டுமா?



ஆலய வாசலில் ஒருவர் கையைப் பிடித்து, "ஐயா, என்னைத் தெரிகிறதா?" என்கிறார். முகம் தெரிகிறது, ஊரும் நினைவிருக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. அறுபதைக் கடந்த என்னைப் போன்றோருக்கு, இது மறதிநோயின் ஆரம்பமோ என்ற பயம் எழுகிறது.

பெரும்பாலும் அப்படியல்ல. தச்சர் என்றால் உளியும் மரமும் மனதில் வரும். பெயருக்கோ அப்படிப் பற்றிக்கொள்ள எதுவுமில்லை. ஆகவே எளிதில் நழுவுகிறது. சற்று நேரத்தில் தானாக நினைவுக்கு வந்தால் கவலை வேண்டாம்.

1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் டாக்டர் அல்சைமர், 51 வயதுப் பெண்மணி ஒருவரிடம் கணவர் பெயரைக் கேட்டார். அவர் தம் பெயரையே சொன்னார். அது வேறு வகை மறதி. வீட்டாரின் பெயர் மறத்தல், பழகிய தெருவில் வழி தவறுதல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், பணக்கணக்கில் தடுமாறுதல் ஆகியவை நாளுக்கு நாள் கூடினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

அதுவரை, முதியவர்களை "என் பெயர் என்ன, சொல்லுங்கள்" என்று சோதிக்க வேண்டாம். நாமே முந்திக்கொண்டு பெயரைச் சொல்லி நலம் விசாரிப்போம்.