காந்தம் ஒட்டாத பிஸ்டன்

மெக்கானிக் பிரித்துப் போட்டிருக்கும் கார் இன்ஜினின் பாகங்கள் மேல் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்டில் 'டப்'பென்று ஒட்டும். பிஸ்டன் தலையில் வைத்தால் வழுக்கி விழும். அதே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கில் மறுபடி ஒட்டும். ஓர் இன்ஜினுக்கு எதற்கு இத்தனை உலோகம்?

நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, பிஸ்டன் வினாடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. கனமாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கனெக்டிங் ராடைப் பிய்த்து இழுக்கும். அதனால்தான் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அலுமினியம். அது 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தலைக்கு மேல் எரியும் வாயுவோ 2,000 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் பிஸ்டன் உருகுவதில்லை. வாங்கிய சூட்டை ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கு உடனுக்குடன் தள்ளிவிடுகிறது.

அலுமினியத்திடம் ஒரு கெட்ட குணம் உண்டு. சூடானால் வார்ப்பிரும்பைவிட இரு மடங்கு விரியும். இடைவெளி போதாவிட்டால் பிஸ்டன் இறுகி, இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடும். பத்துப் பன்னிரண்டு சதவீதம் சிலிக்கன் கலந்தால் இந்த விரிவு குறையும்.

பிஸ்டன் உரசும் லைனர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதற்குள் கிராஃபைட் செதில்கள் இருக்கின்றன. பென்சில் முனையில் இருக்கும் அதே பொருள்தான். தானும் வழுக்கும், எண்ணெயையும் பிடித்து வைக்கும்.

அடுத்து வால்வுகள். காற்று உள்ளே வரும் வால்வில் காந்தம் ஒட்டும். புகை வெளியேறும் வால்வின் தலையில் பெரும்பாலும் ஒட்டாது. எழுநூறு டிகிரிச் சூட்டிலும் இளகாதிருக்க, குரோமியமும் நிக்கலும் சேர்த்த தனி வகை எஃகு அது. சில இன்ஜின்களில் அதன் தண்டைக் குடைந்து சோடியம் அடைக்கிறார்கள். 98 டிகிரியில் உருகும் சோடியம், தண்டுக்குள் மேலும் கீழும் குலுங்கித் தலையின் சூட்டை இறக்கிவிடுகிறது.

கடைசியாக, கிராங்கைத் தாங்கும் பேரிங். இத்தனை அடி வாங்கும் இடத்தில் வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தை வைக்கிறார்கள். வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த இப்படியொரு உலோகத்துக்கு வழிகாட்டியவர் அமெரிக்கரான ஐசக் பாபிட், ஆண்டு 1839. எண்ணெயோடு வரும் பொடித்துகளைப் பேரிங் தன் மேனிக்குள் புதைத்துக்கொள்ளும்; கிராங்கில் கீறல் விழாது. பேரிங் தேய்ந்தால் புதிது மாட்டிக்கொள்ளலாம். கிராங்கில் கோடு விழுந்தால் கிரைண்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.