மஞ்சளுக்குப் புளியும் மிளகும் துணை

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பைத் தேய்த்தால் மஞ்சள் கறை சட்டென்று செம்பழுப்பாகும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சள். வெயிலில் உலர்த்தினால் சாயங்காலத்துக்குள் கறை பெருமளவு வெளுத்திருக்கும். ஆரத்தித் தண்ணீர் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதே வேதியியல்தான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரத்தில் நிறம் மாறும். அதிலேயே கிடந்தால் சிதையும். வெளிச்சமும் அதற்கு ஆகாது. தண்ணீரில் கரைய மறுத்து எண்ணெயில் கரையும்.

1815-இல் வோகல், பெல்லெட்டியே இருவரும் பிரித்தெடுத்த இந்தப் பொருள், ஆய்வுக்கூடக் குடுவையில் அழற்சியை அழகாக அடக்குகிறது. உடம்புக்குள் போனால் கதை வேறு. குடல் அதை மிகக் கொஞ்சமே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் குடலும் கல்லீரலும் உடனே உருமாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன.

இங்கேதான் நம் சமையல் கைகொடுக்கிறது. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது ஏறக்குறைய தென்படவே இல்லை. மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உடம்பில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது. கால் ஸ்பூன் மிளகுத்தூளிலேயே அவ்வளவு பைப்பரின் இருக்கும். புளிக்கும் இதில் பங்குண்டு. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளை வேகவைத்தபோது 27 முதல் 53 சதவீதக் குர்குமின் வீணானது. குக்கரில் இழப்பு அதிகம். புளி சேர்த்தபோது இழப்பு 12 முதல் 30 சதவீதமாகக் குறைந்தது. புளி கரைத்து, மிளகு தட்டிப்போட்டு, நெய்யில் தாளித்த ரசத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

ஆனால் அளவை மறக்கக்கூடாது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். பெங்களூரில் கொடுத்த 2 கிராமுக்குச் சுமார் 67 கிராம் தூள் வேண்டும்; எந்த வீட்டுக் குழம்பும் அதைத் தாங்காது. இந்த இடைவெளியில்தான் மாத்திரை வியாபாரம் நுழைகிறது. முழங்கால் தேய்மான வலிக்குச் சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருவது உண்மை. புற்றுநோய், மறதிநோய் என்று நீளும் விளம்பரங்களுக்கு அந்த ஆதாரமும் இல்லை. 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளைக் கணக்கில் கொண்டு 2017-இல் வெளியான ஒரு விரிவான அலசல், கறாரான முறையில் நடந்த எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்றது. 2019-இல் இத்தாலியில் குர்குமின் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சியே வந்தது. பைப்பரின் வேறு மருந்துகளையும் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கவைக்கும் என்பது இன்னொரு கவலை.

அன்றாடச் சமையலில் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள், அதில் பயமில்லை. மாத்திரையாக எடுப்பவர்கள், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ‘மஞ்சள்தானே’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.