பாதை அடைபட்டதா, விலாசம் தப்பா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கணினிக்கு மாறிவிட்டது. வாசனைப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைப் பார்த்துவிட்டுத் திரை முன்னால் விலை ஏற்றுகிறார்கள். வாய்விட்டுக் கூவிய காலத்தில் தொண்டை கட்டும். இப்போது நெட்வொர்க் கட்டிக்கொள்கிறது.

ஊரில் ஏதோ ஓர் ஏலக்காய்க் கடையின் லினக்ஸ் சர்வர் வெளியே பேச மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ரௌட்டரை அணைத்துப் போடுவோம். சில சமயம் சரியாகியும்விடும், அதுதான் சங்கடம்: காரணம் தெரியாமலே போய்விடுகிறது.

இப்படி யோசியுங்கள்: விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறும் ஜீப் தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கலாம். டிரைவருக்குத் தோட்டம் எங்கே என்றே தெரியாமலும் இருக்கலாம். சர்வரிலும் முதலில் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். 'பிங் 8.8.8.8' என்று அடியுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் எண். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. அடுத்து, எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். அப்படி ஒரு பெயரே தெரியாது என்று திரும்பினால் கோளாறு, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்.

ஒரு காலத்தில் வலையமைப்பிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. பட்டியல் பெருத்துச் சமாளிக்க முடியாமல் போகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயர்களைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டுத் தரும் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பழைய கோப்பின் வாரிசு 'இடிசி ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் இன்றும் ஒவ்வொரு லினக்ஸிலும் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான சர்வர்கள் முதலில் அதைத்தான் புரட்டும். என்றோ யாரோ எழுதிவைத்த ஒரு வரி அங்கே கிடந்தால், டிஎன்எஸ் சரியாக இருந்தாலும் ஜீப் பழைய தோட்டத்துக்கே போகும். 'டிக்' கட்டளை இந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை. நேரே டிஎன்எஸ்ஸைக் கேட்கும். டிக் ஓர் எண்ணும் பிங் வேறோர் எண்ணும் சொன்னால் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

எண்ணுக்கே பதில் இல்லையென்றால் 'ஐபி ரூட்' அடித்து, வெளியே போகும் வழி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'டிரேஸ்ரூட்'. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் ஜீப்பில் ஒரு வளைவுக்கு மட்டும் டீசல், அடுத்ததில் இரண்டுக்கு என்று ஊற்றி அனுப்பி, நின்ற இடத்திலிருந்து போன் செய்யச் சொல்வது போன்றதுதான் டிரேஸ்ரூட்டின் வேலை. ஒவ்வொரு ரௌட்டரும் தரவுப் பொட்டலத்தின் ஆயுள் எண்ணில் ஒன்றைக் கழிக்கும். அதைப் பூஜ்யமாக்கிய ரௌட்டர் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். நடுவில் நட்சத்திரக் குறி விழுந்ததும் அங்கேதான் அறுந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சில ரௌட்டர்கள் வழி விடும், பதில்தான் சொல்லாது.