பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் படிக்க ஆசைப்படும் பலர் கல்லூரி வயதைக் கடந்து வெகுகாலம் ஆனவர்கள். 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையின் பட்டறைகளில் மெஷின் ஓட்டுகிறவர், நூறடிச் சாலையோரத்து மென்பொருள் கட்டடங்களில் செக்யூரிட்டி, கேன்டீன், ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவர், மகளிர் குழுவின் கணக்கு எழுதுகிறவர் என்று பலதரப்பட்டவர்கள். பாதியில் விட்ட டிகிரியை முடித்துவிட்டால் போதும் என்பார்கள் சிலர். டிகிரி முடித்தவர்களோ முதுகலை வரை போய்ப் பார்க்கலாம் என்பார்கள். தொண்டு நிறுவனம், தொழிற்சங்கம், பகுதி நூலகம் என்று ஊர்வேலையில் இருப்பவர்களுக்கு ‘வயது வந்தோர் கல்வி’, ‘வாழ்நாள் கற்றல்’ என்ற பாடத்தின் பெயரே நெருக்கமாக இருக்கிறது. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ஒரு பட்டமும் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த ஆசை நியாயமானது. இந்தப் பாடத்துக்குச் சென்னையில் வலுவான மரபும் உண்டு. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேஷையா, 1971இல் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனார். வயது வந்தோர் கல்விக்காகக் கடைசிவரை பேசியவர் அவர். 1978 அக்டோபர் 2இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வந்தது. 1990களில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் வந்தபோது, புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வயது வந்தோர் மற்றும் தொடர் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) வகுத்துள்ள எம்.ஏ. வயது வந்தோர் கல்வி இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வில் இது 46ஆம் எண் கொண்ட தனிப்பாடம்.

ஆனால், இந்தப் பட்டம் எதற்கு உதவாது என்பதையும் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இது பி.எட். அல்ல, பள்ளி ஆசிரியர் ஆவதற்கான பயிற்சிப் பட்டம் அல்ல. ‘கல்வி’ என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருப்பதால் எம்.எட்.டுக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எம்.எட். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அனுமதியோடு நடக்கும் படிப்பு, எம்.ஏ. வேறு. முதுகலைக்குப் பிறகு எம்.ஃபில். சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது அழைத்தாலும் போகாதீர்கள். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிமுறையோடு எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து வேறு. பட்டங்களைப் படித்த வரிசையில் அது ஒளிந்திருக்கிறது.

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தின் முதல்வர் பதவி பற்றிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. பதவியில் இருந்தவர் இளங்கலைப் பட்டம் இல்லாமல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி முறையில் நேரடியாக முதுகலை படித்தவர். பல்கலைக்கழகம் தேர்வு நடத்தியது, அவர் தேறினார், பட்டமும் கிடைத்தது. அதில் போலி எதுவும் இல்லை. ஆனாலும் 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் இல்லாமல் பெற்ற அந்த முதுகலை, யுஜிசியின் 1985ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. தொலைநிலைக் கல்விக் குழு பின்தேதியில் கொடுத்த ஒப்புதல் அந்தக் குறையைச் சரிசெய்துவிடாது என்றும் சொன்னது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 18இல் தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, 107ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு திறந்தவெளிப் பல்கலைக்கழகங்களில் பெற்ற பட்டயம், பட்டம், முதுகலைப் பட்டம் ஆகியவைதான் அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்கிறது அந்த ஆணை. அதாவது 10, +2, டிகிரி, முதுகலை என்ற வரிசை வேண்டும். நடுவில் ஒரு படி விட்டுப்போனால், மேலே எத்தனை பட்டம் அடுக்கினாலும் அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ அது உதவாது.

குடும்பச் சூழலால் பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போனவர்களையே இது அதிகம் தாக்குகிறது. 18 வயது முடிந்திருந்தால் ஓர் ஆயத்தப் படிப்பை முடித்துவிட்டு நேரடியாக இளங்கலை சேரலாம் என்ற வழியைத் திறந்தவெளிப் பல்கலைக்கழகங்கள் நல்ல எண்ணத்தோடுதான் திறந்தன. அந்த வழியில் வந்து, ஐந்தாறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை வகுப்புக்குக் கொடுத்து எம்.ஏ. வரை முடித்த ஒருவர், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் திருப்பி அனுப்பப்படுகிறார். எந்த வயதிலும் எந்த வாசல் வழியாகவும் படிக்க வரலாம் என்பதுதான் வாழ்நாள் கற்றல் என்ற துறையின் அடிப்படை. சேர்க்கையின்போது கதவைத் திறந்துவிட்டு வேலை கொடுக்கும்போது அதே கதவை மூடுவது, அந்த மனிதரின் உழைப்புக்குச் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன். அரசு இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதுவரையிலாவது, ஆயத்தப் படிப்பு வழியாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இந்த அரசாணையின் நகலைச் சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்துத் தமிழில் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு +2 இல்லையென்றால், டிகிரிக்கு முன் அதை முடித்துவிடுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகும்தான். ஆனால் பின்னால் எழுதி வரிசையைச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அரசாணை ‘தேறிய பிறகு’ என்றுதான் சொல்கிறது. அரசு வேலை நோக்கமே இல்லை, தனியார் வேலைக்கும் மனநிறைவுக்கும்தான் படிக்கிறேன் என்பவர்களுக்கு ஆயத்தப் படிப்பு இன்றும் நல்ல வழிதான். எது தனக்கு வேண்டும் என்பதைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்தது அங்கீகாரம். “யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்” என்று விளம்பரத்தில் இருந்தால் நிம்மதியடைந்துவிடுகிறோம். அது போதாது. 2020 செப்டம்பரில் வந்த யுஜிசியின் திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்வி விதிமுறைகளின்படி, பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பது ஒன்று, குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருப்பது வேறு. அதுவும் எந்தக் கல்வியாண்டு, எந்தப் பருவச் சேர்க்கை என்று பார்க்க வேண்டும். வகுப்பறையில் நடத்த அனுமதி உள்ள ஒரு பாடத்துக்குத் தொலைநிலையில் அனுமதி இல்லாமல் இருக்கலாம். வயது வந்தோர் கல்வி போன்ற, சேர்பவர் எண்ணிக்கை குறைந்த பாடங்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு பட்டியலில் இருந்தது இந்த ஆண்டும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. 2024–25 முதல் தொலைநிலை, இணையவழி மாணவர்கள் அந்தத் தளத்திலேயே ஒரு தனி அடையாள எண் எடுத்த பிறகுதான் சேர முடியும். அந்த எண்ணை நீங்களே உங்கள் கைபேசியில் எடுங்கள். இடைத்தரகர் எடுத்துத் தருகிறேன் என்றால் உங்கள் விவரங்களைக் கொடுக்காதீர்கள்.

பெரிய பல்கலைக்கழகம் என்பதால் மட்டும் சோதிக்காமல் விடக் கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2014–15க்குப் பிறகு நடத்திய தொலைநிலைப் படிப்புகளுக்கு அனுமதி இல்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. பல்கலைக்கழகம் நீதிமன்ற வழக்கைக் காட்டி மறுத்தது. யார் சரி என்ற சண்டை அவர்களுக்குள். நடுவில் நின்று தவித்தவர்கள் மாணவர்கள்.

மாநில எல்லையும் முக்கியம். வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஈக்காட்டுத்தாங்கல் மாடியறை ஒன்றில் ‘படிப்பு மையம்’ நடத்துகிறது என்றால் சந்தேகப்படுங்கள். தொலைநிலைப் படிப்பை உரிமக் கிளை (ஃபிரான்சைஸ்) போட்டு நடத்துவதை விதிமுறை தடுக்கிறது. முழுக்க இணையவழிப் படிப்புக்கு எல்லை இல்லை. ஆனால் அதற்கும் தனி அனுமதி வேண்டும். ‘ஒரே சிட்டிங்கில் டிகிரி’, ‘பழைய தேதியில் சான்றிதழ்’ என்பவர்களிடம் பேச்சே வேண்டாம். அப்படி வாங்கிய சான்றிதழைப் பயன்படுத்தினால், ஏமாந்தவராக இருந்த நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். நம்மிடம் அரைமணி நேரம் இருந்தால் போதும்: மெட்ரோவில் ஆலந்தூர் போய், மாறி, சின்னமலையில் இறங்கினால், சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002இல் சட்டம் இயற்றி அமைத்த அரசுப் பல்கலைக்கழகம் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது இடைத்தரகர் எதற்கு? எங்கே சேர்ந்தாலும் பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டுமே கட்டுங்கள். தனிநபரின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வீடுகளுக்குள் வந்தபோது, இந்தப் பகுதியில் மதிப்பெண் பட்டியலைத் தண்ணீரில் இழந்தவர்களுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரியும். நகல் வாங்க அலைந்த அலைச்சலும் தெரியும். மாணவரின் அசல் சான்றிதழை நிறுவனம் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே யுஜிசி அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றையும் டிஜிலாக்கரிலும் ஏற்றி வையுங்கள்.

முறையாகப் படித்து வாங்கிய தொலைநிலைப் பட்டத்தை ‘கரெஸ்பாண்டன்ஸ்தானே’ என்று தட்டிவிடுகிற அதிகாரி இருந்தால், அவரிடம் தலைகுனிய வேண்டியதில்லை. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று 2020 விதிமுறை சொல்கிறது. 2022 செப்டம்பரில் யுஜிசி அதை மறுபடியும் அறிவித்தது. தேறிய 180 நாட்களுக்குள் பட்டச் சான்றிதழ் தர வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டு விதி. விடைத்தாளில் மதிப்பெண் தவறு என்று சந்தேகம் வந்தால், திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னும் ஒரு படி மேல்: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வயது வந்தோர் கல்வியிலும் தொடர் கல்வியிலும் மற்றவர்களுக்குச் சமமாக அவர்கள் பங்கேற்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மீதே வைக்கிறது.

தகராறு வந்துவிட்டால் எங்கே போவது? நுகர்வோர் ஆணையம் என்றுதான் முதலில் தோன்றும். பல்கலைக்கழகத்தின்மீது புகார் என்றால் அங்கே வழி எளிதல்ல. கல்வி விற்பனைப் பொருள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லியிருக்கிறது. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையமும் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் வரும் என்று பிரித்துச் சொன்னது. ஆகவே, சேர்த்துவிடுகிறேன் என்று பணம் வாங்கிய பயிற்சி மையத்தின்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1915 என்ற உதவி எண்ணில் தொடங்கலாம். பல்கலைக்கழகத்தின்மீதான குறைக்கு, யுஜிசியின் 2023 விதிமுறையில் மாணவர் குறைதீர்க் குழுவும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு. குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். குறைதீர்ப்பாளர் 30 நாட்களில் முடிக்க முயல வேண்டும். கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குக் கணக்கு இல்லை.

போலிப் பட்டம் விற்றவன்மீது யுஜிசி சட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ஆயிரக்கணக்கில் பறித்தவனுக்கு இது ஒரு தண்டனையா? காவல் நிலையத்தில் மோசடிப் புகாராகவே கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. பணம் இணையவழியில் போயிருந்தால் அன்றைக்கே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவச வழக்கறிஞர் உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடுகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளோடு தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அதில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் வேலை செய்கிற பெரும்பாலானவர்களுக்கு இந்த உரிமை இன்றே இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100.