சுண்ணாம்பு தடவினா பதநீர்... தடவலைன்னா கள்! 'உயிருள்ள' பானத்தைத் தேடிப் போலாமா?

இங்கிலாந்து கிராமத்து 'பப்'களுக்குப் போற சிலர் பாட்டில் பீரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அவங்க கேட்பது 'ரியல் ஏல்'. ஊர் பெயர், பீப்பாய் திறந்த நாள் எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வாய் வைப்பாங்க. 'அட, ஒரு பீருக்கா இவ்வளவு பில்டப்?'னு தோணும். ஆனா, இதே கதையோட நம்ம ஊர் வெர்ஷன் காரியாபட்டி கண்மாய்க் கரையிலேயே நிக்குது. பனைமரம்தான் பாஸ் அது!

ரியல் ஏல்... அப்படி என்ன ஸ்பெஷல்?

வழக்கமான ஃபேக்டரி பீரில் ஈஸ்ட்டை வடிகட்டியோ, சூடாக்கியோ அடக்கிவிடுவார்கள். பிறகு வாயுவை ஏற்றி அடைப்பார்கள். மாசக்கணக்கில் கெடாது. ரியல் ஏல் அப்படியில்லை. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்புக்கு வந்த பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். நிலவறையில் 11 முதல் 13 டிகிரி குளிரில் வைத்து, கையால் பம்ப் அடித்து ஊற்றுவார்கள். திறந்துவிட்டால் சில நாளில் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் புளித்துப்போகும்.

1960-களில் பெரிய கம்பெனிகளின் பீர் இந்த வகையை ஓரங்கட்டியது. அப்போது 1971-ல் நான்கு நண்பர்கள் சேர்ந்து 'கேம்ரா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குடிக்கிறவர்களே சேர்ந்து நடத்திய அந்தப் பிரசாரத்தால்தான் ரியல் ஏல் இன்றும் பிழைத்திருக்கிறது.

பானைக்குள்ள நடக்கும் மேஜிக்

இப்போ நம்ம பனைக்கு வருவோம். பனையேறி மரத்தில் ஏறி, விரியாத பாளையை இடுக்கி, நுனியை மெல்லிசாகச் சீவி, கீழே கலயம் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாக இனிப்புச் சாறு இறங்கும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கு இது விருந்து. சில மணி நேரத்தில் நுரை கட்டும், லேசாகப் புளிக்கும், சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். இதுதான் கள். ஆல்கஹால் அளவு பெரும்பாலும் 4, 5 சதவிகிதம். கிட்டத்தட்ட பீர் மாதிரி. ஒரு நாள் தாண்டினால் வினிகர் பக்கம் போய்விடும்.

அப்போ பதநீர்? கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிவிட்டால் போதும். காரத்தன்மையில் ஈஸ்ட்டால் தலைதூக்க முடியாது. சாறு இனிப்பாகவே இருக்கும். காய்ச்சினால் கருப்பட்டி. ஆக ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவே இருப்பது ஒரு பூச்சு சுண்ணாம்புதான்!

அப்போ நம்ம ஊர்ல கள்ளுக்கடை ஏன் இல்லை?

சட்டம். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. கள்ளுக்கடைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 1987 ஜனவரி 1-ம் தேதி சாராயத்தோடு சேர்த்துக் கள்ளுக்கும் முற்றிலும் தடை வந்தது. இன்றுவரை தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். ஆனால், 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்து பீர், பிராந்தி எல்லாம் விற்கிறது. 'ஃபேக்டரி சரக்குக்கு அனுமதி, மரத்துச் சரக்குக்குக் கேஸா?' என்று கள் இயக்கத்தினர் கேட்பது இதனால்தான்.

எதிர்த்தரப்புக்கும் வலுவான காரணம் உண்டு. கள்ளில் போதை ஏற குளோரல் ஹைட்ரேட், அல்பிரஸோலம் போன்றவற்றைக் கலக்கும் ஆபத்து கற்பனை அல்ல. ஹைதராபாத்தின் குக்கட்பள்ளியில் 2025 ஜூலையில் கலப்படக் கள் குடித்துச் சிலர் இறந்தே போனார்கள். கூலிப் பணம் வீடு போய்ச் சேராமல் கடையிலேயே கரைந்த குடும்பங்களின் கண்ணீரும் பொய்யில்லை. அன்று காங்கிரஸில் இருந்த பெரியார், கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டியது இந்தக் கோபத்தில்தான்.

சரி, காரியாபட்டி பக்கம் போனா என்ன குடிக்கலாம்?

பதநீர்! மதுரை - தூத்துக்குடி நாற்கர சாலையில் காரியாபட்டி, அருப்புக்கோட்டை தாண்டித் தெற்கே போகப் போகப் பனை கூடிக்கொண்டே போகும். கோடைதான் சீசன். சில டிப்ஸ்:

* காலையிலேயே போங்க. வெயில் ஏற ஏறச் சுவை மாறும்.
* பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிங்க. ஓலை வாசம் சேர்ந்தால்தான் அது பதநீர். கூட நுங்கைப் போட்டுக்கிட்டா டபுள் ஓகே.
* லேசான சுண்ணாம்பு வாசம் இயல்பு. புளிப்பு வாடை, நுரை இருந்தால் நொதிக்க ஆரம்பித்துவிட்டது, வேண்டாம்.
* வெறும் சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கா? சந்தேகப்படுங்க. 'எந்த மரத்துல இறக்கினதுண்ணே?'ன்னு கேட்டுப் பாருங்க. ஏறினவர் கைகாட்டுவார்.
* சர்க்கரை நோய் இருக்கிறவங்க அளவைப் பார்த்துக்கோங்க. இனிப்பு இனிப்புதான்!

கள்ளுக்கடையே பார்க்கணும்னா?

கேரளாதான் பக்கம். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகவோ, தேனி - குமுளி வழியாகவோ போகலாம். அங்கே லைசென்ஸ் பெற்ற 'கள்ளு ஷாப்பு'கள் உண்டு. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்று எழுதியிருப்பதுதான் அடையாளம். பெரும்பாலும் தென்னங்கள், பனங்கள் தேடினால் பாலக்காடு பக்கம். குட்டநாட்டுக் கடைகளில் கப்பாவும் காரசாரமான மீன் கறியும்தான் ஹீரோ. குடிக்காதவர்கள்கூடச் சாப்பிடவே குடும்பத்தோடு போகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடைக்குப் பெயர் 'தவறணை'. அங்கே பனங்கள்ளை ஓலையில் மடித்த 'பிளா'வில் குடிக்கும் வழக்கம் உண்டு. நம்ம பதநீர்ப் பட்டையோட அக்கா தங்கச்சின்னு வெச்சுக்கலாம்.

முக்கியமான மூணு விஷயம்: கேரளாவில் மது அருந்த வயது 23 ஆகியிருக்க வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டவே கூடாது. 'நண்பனுக்கு ஒரு பாட்டில்'னு கள்ளை எல்லை தாண்டி எடுத்துட்டு வராதீங்க. இங்கே அது குற்றம். வழியிலேயே நொதித்து மூடி பறக்கும் என்பது போனஸ் தண்டனை!

கடைசியா ஒரு விஷயம்...

உயிருள்ள பானத்தைக் கன்டெய்னரில் ஏற்றி நாடு முழுக்க விற்க முடியாது. அது பிறந்த இடத்துக்கு நாமதான் போகணும். அதனால்தான் ரியல் ஏல் குடிக்கிறவர்களுக்கு அந்த ஊர் பப் அவ்வளவு முக்கியம். நமக்கு அந்த 'பப்' பனைமரத்தடிதான்.

கள் வேணுமா, வேண்டாமா என்ற சண்டை தொடரட்டும். ஆனால் கள், பதநீர், கருப்பட்டி எல்லாவற்றுக்கும் தேவை ஒரே ஆள்: காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறும் பனையேறி. நட்ட பனை பலன் தரவே 15, 20 வருஷம் ஆகும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. மரம் தப்பித்தது, சந்தோஷம். ஏறுவதற்கு அடுத்த தலைமுறை வராவிட்டால், அந்த மரம் வெறும் மாநில மரமாக நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே மக்களே, அடுத்த முறை அந்த சாலையில் போகும்போது கூல்டிரிங்ஸ் பாட்டிலைத் திறக்கும் முன்னாடி, ஓரமா பனை ஓலைப் பந்தல் தெரியுதான்னு பாருங்க. வண்டியை நிறுத்துங்க. ஒரு பட்டை பதநீருக்குப் பேரம் பேசாமல் காசு கொடுங்க. அறுபது அடி உயரத்திலிருந்து இறங்கி வந்த பானம் அது!