போர்மட் அடிப்பதற்கு முன்: புரொசசர் மாற்றிய பழைய கணினி ஏன் நின்று போகிறது?

பழைய மேசைக் கணினிக்கு வேகமான புரொசசர் ஒன்றைத் தேடி வாங்கிப் போடுகிறோம். முதல் நாள் நன்றாக ஓடுகிறது. அடுத்த நாள் ஸ்கான் செய்துகொண்டிருக்கும்போது திரை கறுத்துத் தானாக மீண்டும் தொடங்குகிறது. பிறகு அது வழக்கமாகிவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் எங்கள் ஊர்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "விண்டோஸ் பழுது. போர்மட் அடிச்சால் சரிவரும்."

நான் கிளிநொச்சியில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். புரொசசர் மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு போர்மட் அடிப்பதால் தீர்வது மிக அரிது. ஆனால் அடித்தால் உள்ளே இருந்தவை போய்விடும்.

எங்களிடம் உள்ள பழைய கணினிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களில் பலரிடம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம் எல்லாம் பதுங்கு குழிகளோடு போயின. எஞ்சியவற்றையும் பின்னர் எடுத்த பிரதிகளையும் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் ஸ்கான் செய்து ஒரு கணினியில் போட்டு வைத்தார். 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த படிவம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மகனின் பாடசாலை அடையாள அட்டை. கடதாசி மங்கிப்போயிருக்கும், அல்லது கறையான் தின்றிருக்கும். ஸ்கான் பிரதிதான் மிச்சம்.

அப்படியொரு கணினி என்னிடம் வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சிலர் சேர்ந்து வைத்திருந்தது. கொண்டுவந்த அம்மா மேசையில் வைத்துவிட்டு முதலில் சொன்னது இதைத்தான்: "தம்பி, எங்கட பிள்ளையளின்ர எல்லாம் உதுக்குள்ளதான் இருக்கு. போர்மட் மட்டும் அடிச்சுப் போடாதேங்கோ." வேறொரு இடத்தில் அதற்கு முன்னரே நாள் குறித்திருந்தார்களாம்.

உள்ளே இருந்தது இன்டெல் 775 சொக்கட் உள்ள மதர்போர்ட். முதலில் அதில் பென்டியம் டுவல் கோர் இ2180 இருந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு கோர் 2 குவாட் கியூ6600 போட்டிருந்தார்கள். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிய பிறகு புதுக் கணினி வாங்குவது பலருக்குக் கனவாகிவிட்டது. அதனால் கழித்த கணினிகளிலிருந்து எடுத்த இந்த நான்கு கோர் புரொசசர்களுக்கு ஒரு மவுசு வந்தது. சொக்கட் ஒன்றுதான், பொருந்தும், விலையும் குறைவு. பொருந்துவது வேறு, தாங்குவது வேறு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். இ2180இன் வெப்ப மதிப்பீடு 65 வாட். கியூ6600 இரண்டு பதிப்புகளாக வந்தது. மூடியில் எஸ்எல்9யூஎம் என்று பொறித்திருந்தால் 105 வாட், எஸ்எல்ஏசிஆர் என்றிருந்தால் 95 வாட். இந்தக் கணினியில் இருந்தது முதல் வகை. புரொசசர் ஓடுவது கிட்டத்தட்ட 1.25 வோல்ட்டில். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வரும். பழைய புரொசசர் முழு வேலையில் சுமார் 52 அம்பியர் கேட்டது. புதியது சுமார் 84 அம்பியர் கேட்கிறது. ஒரு வீட்டுக்கு வரும் 30 அம்பியர் இணைப்போடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், வோல்ட் மிகக் குறைவு என்பதால்தான் அம்பியர் இவ்வளவு. ஆனாலும் அந்த 84 அம்பியரும் சொக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள சில சிறிய பாகங்கள் வழியாகத்தான் போக வேண்டும். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பவை அவை. மலிவான மதர்போர்ட்களில் இந்தப் பகுதியை 65 வாட்டை மனதில் வைத்தே செய்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் வன்னி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழ் ஓடிய பிறகு அதன் பலம் இன்னும் குறைந்திருக்கும்.

அதனால்தான் கோளாறு உடனே தெரிவதில்லை. கடிதம் தட்டச்சு செய்யும்போது புரொசசர் பாதி தூக்கத்தில் இருக்கும். முப்பது பக்கத்தை ஸ்கான் செய்து ஒரே பிடிஎப் ஆக்கச் சொன்னால் நான்கு கோர்களும் விழிக்கும். அப்போதுதான் விழும்.

எப்படி விழுகிறது என்பதைக் கவனித்து எழுதி வையுங்கள். திருத்துபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. நீலத்திரை எதுவும் வராமல், சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று அணைந்தாலோ மறுபடி தொடங்கினாலோ மின்சாரத்தின் மீது சந்தேகம் கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, மெதுவாகி, பிறகு அணைந்தால் சூடு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருடன் நீலத்திரை வந்தால் பெரும்பாலும் றாம். நீலத்திரையில் 0x124 என்ற இலக்கம் வந்தால், புரொசசரே தனக்குள் அல்லது தன்னைச் சுற்றி ஒரு வன்பொருள் பிழையைக் கண்டு முறையிடுகிறது என்று பொருள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் "கேர்னல் பவர் 41" என்ற பதிவைக் கண்டு, பவர் சப்ளை பழுது என்று தீர்ப்பு எழுதுபவர்கள் உண்டு. அது சொல்வதெல்லாம் கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பது மட்டுமே. கரண்ட் நின்றாலும் அதே பதிவுதான் வரும்.

ஆனால் இந்தச் சோதனைகள் எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணினி அணைந்துகொண்டிருக்கும்போதே அவசர அவசரமாக பென் டிரைவில் பிரதி எடுப்பதுதான் பலர் செய்வது. றாமிலோ மின்சாரத்திலோ கோளாறு உள்ள கணினியில் எடுக்கும் பிரதியை நம்ப முடியாது. கோப்பு பென் டிரைவுக்குப் போகும் வழியில் றாமைக் கடந்துதான் போகிறது. அங்கே ஓரிரு எழுத்து மாறினாலும் கணினி உங்களிடம் சொல்லாது. பெயர் இருக்கும், அளவு சரியாக இருக்கும், திறந்தால் படத்தின் பாதி சாம்பல் நிறமாக இருக்கும். அதைவிட ஆபத்தானது, திடீரென அணைந்த பிறகு விண்டோஸ் தானாகவே தொடங்கும் வட்டுப் பரிசோதனை. நல்ல கணினியில் அது உதவி. பழுதான றாம் உள்ள கணினியில், சரியாக இருப்பதைப் பிழை என்று எண்ணித் "திருத்தி" விடக்கூடும். கறுப்புத் திரையில் அந்தப் பரிசோதனை தொடங்கப்போகிறது என்று வினாடிகள் எண்ணப்பட்டால் ஏதாவது ஒரு விசையை அழுத்தி நிறுத்துங்கள்.

ஆகவே டிஸ்க்கை வெளியே எடுத்து, யூஎஸ்பி இணைப்பான் ஒன்றின் மூலம் நம்பகமான வேறொரு கணினியில் பொருத்திப் பிரதி எடுக்க வேண்டும். எடுத்த பிரதியில் பத்து இருபது கோப்புகளையாவது திறந்து பார்க்க வேண்டும். அந்தத் தாய்மாரின் டிஸ்க்கில் இருந்தவை முழுமையாக வந்தன. அன்றிரவு அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் மதர்போர்ட்டையே பார்க்கத் தொடங்கினேன். சோதனைகளுக்கு வேறொரு பழைய டிஸ்க்கைப் போட்டேன். அது அழிந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம்: பழைய புரொசசரைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. மாற்றும்போது பழையதை எறியாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். பழையதைப் போட்டும் அணைந்தால், குற்றம் புதியதில் இல்லை. மாற்றும்போது ஏதோ அசைந்திருக்கிறது. றாம் சரியாக அமர்ந்திருக்காது, அல்லது சொக்கட்டில் உள்ள 775 ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கும். ரோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளைந்த ஊசி மட்டும் வேறு விதமாக மினுங்கும். இங்கே பழைய புரொசசர் போட்டதும் கணினி இரவு முழுவதும் அசையாமல் ஓடியது. றாமை மெம்டெஸ்ட்86+ கொண்டு சோதித்தபோதும் பிழை இல்லை. புதிய புரொசசர் பஸ் வேகத்தை 800இலிருந்து 1066க்குக் கூட்டும், அதோடு றாமின் வேகமும் மாறலாம். எனவே அதைப் போட்ட நிலையிலும் ஒருமுறை சோதித்தேன். அதுவும் சரி.

இரண்டாவது சோதனையும் இலவசம். விண்டோஸின் பவர் அமைப்பில் புரொசசரின் உச்ச வேகத்தை விழுக்காட்டில் குறைக்க ஓர் இடம் உண்டு. அதைக் குறைத்தால் கியூ6600 தன் 2.4 கிகாஹேர்ட்சிலிருந்து 1.6 வரை இறங்கும், கேட்கும் மின்சாரமும் இறங்கும். அந்த நிலையில் கணினி அணையாமல் ஓடினால், பெரும்பாலும் புரொசசர் நல்லது, அதற்குச் சோறு போடுபவர்தான் களைத்துவிட்டார். இங்கே அப்படித்தான் நடந்தது. 1.6இல் மூன்று மணிநேரம் ஓடியது. 2.4க்கு உயர்த்தினால் பதினைந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சூட்டையும் பார்க்க வேண்டும். இந்தச் சொக்கட்டின் குளிர்விப்பான் நான்கு பிளாஸ்டிக் குத்திகளால் நிற்கும். ஒன்று முழுதாக இறங்காவிட்டாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மதர்போர்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்து நான்கும் வெளியே வந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 65 வாட் புரொசசருடன் வந்த குட்டை அலுமினியக் குளிர்விப்பானை 105 வாட் புரொசசருக்கு மேல் வைப்பது, இந்தியன் ஆமி காலத்துச் சைக்கிளில் மூட்டை ஏற்றுவது போல. எஸ்எல்9யூஎம் வகைக்கு இன்டெல் அனுமதித்த மூடி வெப்பம் 62.2 பாகைதான், மற்ற வகைக்கு 71. எங்கள் காலநிலையில் இந்த இடைவெளி பெரிது. வெப்பப் பசையைப் புதிதாகப் பூசி உயரமான குளிர்விப்பான் போட்டேன். பதினைந்து நிமிடம் நாற்பதானது. ஆனாலும் அணைந்தது.

பவர் சப்ளையின் பெட்டியில் "450 வாட்" என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தப் பெரிய எழுத்தைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் உள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் 105 வாட் புரொசசர் ஒன்றுக்கே 12 வோல்ட்டில் பத்து அம்பியர் வேண்டும். டிஸ்க், விசிறி எல்லாம் அதற்கு மேல். அட்டவணையில் 12 அம்பியர் என்று இருந்தால் அது நூல் மேல் நடப்பது. நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவலாகப் பொருத்தினேன். முன்னேற்றம் இருந்தது, தீர்வு இல்லை.

மிச்சம் மதர்போர்ட். சொக்கட்டைச் சுற்றி நிற்கும் சிறிய உருளைகளைப் பாடப்புத்தகம் கொள்ளளவி என்கிறது, கடையில் கப்பாசிட்டர். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். இதில் இரண்டின் தலை சற்று உப்பியிருந்தது, ஒன்றின் மேல் பழுப்புக் கறை. மின்சாரத்தைச் சீராகப் பிடித்துக் கொடுக்க வேண்டியவை அவை. பழைய புரொசசரின் பசிக்கு அந்த நிலையிலும் ஈடு கொடுத்தன.

சிலர் இந்த இடத்தில் பயோஸைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். தொடக்கத் திரையில் புரொசசரின் பெயர் சரியாக வராவிட்டால் அதற்குக் காரணம் உண்டு, புதிய புரொசசரை அறியாத பயோஸ் அதைத் தவறாக ஓட்டக்கூடும். இங்கே பெயர் சரியாக வந்தது. தேவைப்பட்டாலும், யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். எழுதும் அந்த ஒரு நிமிடத்தில் கரண்ட் நின்றால் மதர்போர்ட் எழும்பாது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்த நாடு இது.

கப்பாசிட்டர்களை மாற்றினேன். ஆனால் குவாட்டைத் திரும்பப் போடவில்லை. மூன்று சிறிய உருளைகளை மாற்றியதால் மதர்போர்ட்டின் மற்றப் பாகங்கள் இளமையாகிவிடாது. அதற்குப் பதிலாக 65 வாட்டே கேட்கும் கோர் 2 டுவோ இ7500 ஒன்றைப் போட்டேன். கோர் இரண்டுதான், ஆனால் 2.93 கிகாஹேர்ட்ஸ். ஸ்கான் வேலைக்குக் குவாட்டிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உண்மையில், இப்படியான கணினிக்குச் செலவழிக்கக் கொஞ்சக் காசு இருந்தால் புரொசசரில் போடாதீர்கள் என்பதே என் கருத்து. ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் கிடைக்கும் வேகம் எந்தப் புரொசசர் மாற்றத்தாலும் கிடைக்காது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்கான் செய்யவும் அச்சிடவும் மட்டும். கோப்புகளின் பிரதிகள் இப்போது இரண்டு வெளி டிஸ்க்குகளில் இருக்கின்றன, இரண்டும் கடவுச்சொல் இட்டுப் பூட்டப்பட்டவை, ஒன்று வேறு ஊரில். சாட்சிகளின் பெயரும் முகவரியும் அவற்றுக்குள் இருக்கின்றன. கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். என்னிடம் கொண்டுவருவதானாலும் அப்படித்தான்.